சாடி இருந்த வீடு

சங்ககால மதுவை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை நகரத்து நண்பர்கள் சிலருக்கு வந்திருக்கிறது. ஆர்வம் தவறில்லை. அந்தச் செய்முறை யார் வீட்டில் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாணாற்றுப்படையில் அது தெளிவாகவே இருக்கிறது. கொழியல் அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, இடித்த நெல்முளை கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் புளிக்கவிட்டு, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். நெல்முளையின் நொதி மாவைச் சர்க்கரையாக்கும்; ஈஸ்ட் அதை மதுவாக்கும். பீருக்குப் பார்லியை முளைகட்டுவதும் இதற்கே. (காய்ச்சி இறக்கும் சாராயம் வேறு.) இந்தச் சாடி இருந்தது அரண்மனையில் அல்ல, மீன் பிடிக்கும் வலைஞர் குடியிருப்பில். வழிப்போக்கனான பாணனுக்குச் சுட்ட மீனோடு கொடுத்தார்கள்.

இன்று தமிழ்நாட்டில் இதைச் செய்தால், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் ஜாடி வைத்தால் பாரம்பரியம் என்பார்கள். சேரியில் ஊறல் பானை இருந்தால் போலீஸ் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால், அரிசி ஊறல் அல்ல. இரண்டையும் 'கள்ளச்சாராயம்' என்று ஒரே சொல்லில் அடைப்பது யாருக்கு வசதி?

குடியால் சிதைந்த வீடுகளுக்குத் தினமும் போகிறவள் நான். பானை வைக்கச் சொல்லவில்லை. வகுப்பில் யாராவது 'சங்ககால பீர்' என்று பெருமை பேசினால், வலைஞர் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.