சாய்மனைக் கதிரையில் ஒரு கனவு

 

இம்மாதம் ஒரு கதையையும் அதை எழுதிய பெண்மணி ஒருவரையும் உங்களுக்கு அறிமுகம் செய்ய நாடுகிறேன். “இந்தப் பக்கத்தில் கதைக்கென்ன வேலை மௌலவி?” என்று சிலர் கேட்பீர்கள். கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கேள்வியை நானே ஒரு பிள்ளையிடம் கேட்டு, கேட்டது பிழை என்று பிறகு உணர்ந்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டை நம்மில் யார் மறப்போம்? காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை. நம் வாவிக்கரை ஊர்களிலும் வெற்றுச் சிலிண்டர்கள் வீதியோரம் வரிசை பிடித்து நின்றன. தென்னமட்டையும் சிரட்டையும் பொறுக்கி, கைவிட்டிருந்த விறகடுப்பை உம்மாமார் மீண்டும் மூட்டினார்கள். அந்த நாட்களில் நான் கற்பிக்கும் பாடசாலையில் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று தயாரானது. பொறுப்பு என்னுடையது. பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே ஒரு கதை. வாவிக்கரையில் ஓர் ஊர்; அங்கே வீட்டுக்கு வீடு வெயிலைப் பிடித்துச் சேமித்து வைக்கும் பெட்டி; மாரி காலத்திலும் புகையில்லாத அடுப்பு. அந்தப் பெட்டிகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் ஊர்ப் பெண்பிள்ளைகள்.

இரண்டு பக்கம் படித்தேன். “இதெல்லாம் நடக்காத காரியம் பிள்ளை. பொய்க் கதைக்கு நேரத்தைச் செலவழிக்காமல் நேரத்தின் அருமை பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்க” என்றேன். “சரி சேர்” என்று போனாள். மறுநாள் கட்டுரை வந்தது. எழுத்துப் பிழை இல்லாத நல்ல கட்டுரை. சஞ்சிகையில் சேர்த்தோம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு வருடம் கழிந்திருக்கும். ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஆசிரியர் அறையில் ஒரு சிறிய புத்தகத்தைக் காட்டி, நூறு வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் பெண் எழுதிய கதை என்றார். சுல்தானாவின் கனவு என்பது அதன் பெயர். அவர் வரிக்கு வரி பொருள் சொல்லச் சொல்லக் கேட்டேன். பாதியிலேயே அந்தக் கொப்பி என் நினைவுக்கு வந்துவிட்டது.

எழுதியவர் பேகம் ருகையா சகாவத் ஹுஸைன். வங்காளத்தார் ரொகேயா என்பார்கள். நம் நாவுக்கு ருகையாதான். நபி (ஸல்) அவர்களின் மகளாருடைய பெயரல்லவா! இன்றைய பங்களாதேஷில் உள்ள ரங்பூர் மாவட்டத்தில், பைராபந்த் என்னும் கிராமத்தில், 1880இல் ஒரு ஜமீன்தார் வீட்டில் பிறந்தார். பெரிய வீடு, பெரிய மதில். ஐந்து வயதிலேயே, வீட்டுக்கு வரும் வெளிப் பெண்களின் கண்ணிலும் படாமல் அந்தக் குழந்தை ஓடி ஒளிய வேண்டியிருந்தது. ஆண்களின் கண்ணில் அல்ல, பெண்களின் கண்ணில்! பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள், உருதும் கொஞ்சம். வங்காளமும் ஆங்கிலமும் அவர்களுக்கு விலக்கு.

அந்த விலக்கை உடைத்தவர் அவருடைய காக்கா இப்ராஹீம் ஸாபிர். இரவில் வாப்பா உறங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் சொல்லிக்கொடுத்தார். ராத்தா கரீமுன்னிஸாவும் எழுத்தை மறைவாகவே கற்றவர். முற்றத்து மண்ணில் கீறிக் கீறிப் பழகினார். அவருடைய படிப்பு வெளியே தெரிந்ததும் சிறு வயதிலேயே மணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். ருகையா பிற்காலத்தில் தம் நூல்களில் ஒன்றை இந்த ராத்தாவுக்கும் இன்னொன்றைக் காக்காவுக்கும் காணிக்கையாக்கினார். பட்ட கடனை மறக்காத பெண்.

1898ஆம் ஆண்டளவில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் பீஹாரின் பாகல்பூரில் டெப்யுடி மாஜிஸ்திரேட் உத்தியோகம் பார்த்த சையித் சகாவத் ஹுஸைன். மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர், இங்கிலாந்து போய்வந்தவர். பொருத்தமில்லாத சம்பந்தம் என்றுதான் நாம் சொல்லியிருப்போம். ஆனால் மனைவி எழுதுவதைப் பார்த்து மகிழ்ந்த மனிதர் அவர்.

ஒருமுறை அவர் உத்தியோகக் காரியமாக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். தனிமையில் பொழுது போகாமல் ருகையா ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். திரும்பி வந்தவர், என்ன செய்தீர் என்று கேட்க, தாள்களை எடுத்து நீட்டினார். அவர் உட்காரவும் இல்லை. நின்றபடியே முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம். அத்தோடு விட்டாரா? மொழியைச் சரிபார்க்கும்படி பாகல்பூர் ஆங்கிலேய ஆணையாளருக்கு அனுப்பிவைத்தார். திருத்த ஒன்றுமில்லை என்று அது திரும்பி வந்தது. 1905இல் அந்தக் கதை அச்சேறியது. எங்கே? நமக்கு மிக அருகில், சென்னையில்! கமலா சத்தியநாதன் என்ற கிறிஸ்தவப் பெண்மணி அங்கே 1901 முதல் நடத்திவந்த இந்தியப் பெண்களுக்கான ஆங்கிலச் சஞ்சிகையில். 1908இல் கல்கத்தாவில் தனி நூலாகவும் வந்தது.

இனிக் கதைக்கு வருவோம். சுல்தானா ஒரு மாலை சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஸாரா என்ற தோழியைப் போன்ற ஒருத்தி வந்து அவளை வெளியே அழைத்துப் போகிறாள். வீதியில் ஓர் ஆண்கூட இல்லை! அது பெண்கள் நாடு. ஆண்கள் எல்லோரும் வீட்டின் உட்பகுதியில். நம் பெண்கள் இருந்த இடத்தில் அங்கே ஆண்கள் இருக்கிறார்கள்.

அது எப்படி வந்தது? அந்நாட்டு ராணி எல்லாப் பெண்களும் படிக்க வேண்டும், 21 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்று சட்டம் போட்டாள். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்றில், வானத்தில் பலூனை நிறுத்திக் குழாய் பூட்டி மேகத்து நீரை இறக்கும் வழி கண்டார்கள். வேண்டிய நீர் வந்தது, பெருமழையும் சேறும் நின்றன. மற்றதில் சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவி செய்தார்கள். ஆண்கள் அப்போது படைபலத்தைப் பெருக்குவதில் இருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு யுத்தம் வந்தது. ஆண்களின் படை தோற்றது. வழியில்லாமல் ஆண்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளுடன் போர்க்களம் போனாள். திரட்டி வைத்த சூரிய ஒளியையும் வெப்பத்தையும் எதிரி மீது திருப்பினார்கள். வாள் வீசவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. தாங்க முடியாமல் படை ஓடியது; விட்டுப்போன ஆயுதங்கள் அதே வெப்பத்தில் எரிந்தன.

எனக்குப் பிடித்த இடம் யுத்தமல்ல, அந்த நாட்டுக் குசினி. கரியில்லை, புகையில்லை, புகைபோக்கிகூட இல்லை. சூரிய வெப்பம் குழாய் வழியே வந்து சமைக்கிறது. பயணம் போக ஆகாய ஊர்தி: ஹைட்ரஜன் நிரப்பிய பந்துகள் அதைத் தூக்குகின்றன, மின்சாரம் இறக்கைகளைச் சுழற்றுகிறது. காரியாலய வேலையைப் பெண்கள் இரண்டே மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு ஏன் நாள் முழுக்க ஆனது? அதற்கு ஸாரா ஒரு கணக்குச் சொல்கிறாள். ஒரு சுருட்டு எரிய அரை மணித்தியாலம், நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணித்தியாலம் புகையிலேயே போயிற்று! நம் தேநீர்க் கடை வாங்குகளில் குந்தியிருக்கும் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். முடிவில் ஆகாய ஊர்தியிலிருந்து சுல்தானா தவறி விழுகிறாள். விழித்துப் பார்த்தால் அதே சாய்மனைக் கதிரை.

இது எழுதப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். பிரான்ஸின் ஜூல்ஸ் வேர்னும் இங்கிலாந்தின் எச்.ஜி. வெல்ஸும் இப்படியான கதைகளால் புகழ் பெற்றிருந்தார்கள். ஆனால் விஞ்ஞானப் புனைகதை என்ற பெயர்கூட அப்போது வழக்கில் இல்லை. ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் கதை எழுதியது 1915இல், பத்து வருடம் பிந்தி. இன்று நம் ஊர்க் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பார்க்கிறோம். மேகத்தில் குழாய் பூட்டுவதுதான் யாருக்கும் கைகூடவில்லை. கைகூடியிருந்தால் மார்கழி வெள்ளத்தில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள் என்று நாம் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

“சரி, ஆண்களை அடைத்து வைப்பது மார்க்கமா?” என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அப்படி ஒரு நாடு வேண்டும் என்று ருகையா கேட்கவும் இல்லை. அடைபடுதல் என்றால் என்னவென்று அதை வாசிக்கும் ஆணுக்கு ஒரு நாழிகையாவது தெரியட்டும் என்பதே அவர் நோக்கம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அவர் பர்தாவுக்கு எதிரி என்பாரும் உண்டு. அவர் புர்கா அணிந்தவர். அதன் கண்ணியத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதியவர். அவர் எதிர்த்தது மதிலுக்குள் பூட்டும் வழக்கத்தை. 1931இல் வந்த அவரோதபாசினி என்ற நூலில் இப்படிப் பூட்டப்பட்ட பெண்களைப் பற்றி 47 சம்பவங்களைச் சொல்கிறார். பீஹாரில் ஒரு ரயில் நிலையத்தில், புர்காவுடன் தடுக்கி ரயிலுக்கும் மேடைக்கும் இடையே ஒரு பெண் விழுந்துவிட்டார். தூக்க வந்த ஆண்களைத் தொடவிடாமல் வேலைக்காரி தடுத்தாள். அரை மணித்தியாலம் காத்திருந்த ரயில் பிறகு புறப்பட்டது. அந்தப் பெண் நசுங்கி மௌத்தானார். உயிர் போகும் வேளையில் கைகொடுப்பதை எந்த மத்ஹப் தடுத்தது? பதினேழு வருடமாகப் பாடம் நடத்தும் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1904இல் ஒரு கட்டுரையில் வேத நூல்களைப் பற்றி அவர் எழுதிய சில பந்திகளை என்னால் ஏற்க முடியாது. அன்றும் பலர் எதிர்த்தார்கள். நூலாக வந்தபோது அந்தப் பந்திகளை நீக்கிவிட்டார். மனிதர் எல்லோரிடமும் கொள்ளவும் இருக்கும், தள்ளவும் இருக்கும்.

கற்பனைக் கதை என்பது நமக்கு அந்நியமானதும் அல்ல. இதை அரபுக் கல்லூரியில் படித்த நானே மறந்திருந்தேன். 1185இல் வபாத்தான அந்தலூஸியா மருத்துவர் இப்னு துபைல், ஹய் இப்னு யக்ளான் என்ற கதையில், ஆளில்லாத் தீவில் ஒரு மானிடம் பால் குடித்து வளரும் பிள்ளையைப் படைத்தார். அந்தத் தீவை அவர் வைத்தது நம் பக்கத்துக் கடலில், இந்தியத் தீவுகளில் ஒன்றாக! மான் இறந்ததும், உயிர் எங்கே போனது என்று அதன் நெஞ்சைக் கீறிப் பார்க்கிறான் அந்தப் பிள்ளை. இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போய்வரும் வழியைச் சொன்ன இப்னு நபீஸும் அப்படி ஒரு கதை எழுதியவர்தான். நம் நாட்டு அறிஞர் சித்திலெவ்வையும் 1885இல் அஸன்பேயுடைய சரித்திரத்தை எழுதும்போது கட்டுக்கதை என்று வெட்கப்படவில்லை. பெண்பிள்ளைகளின் படிப்புக்குப் பாடுபட்டவரும் அவரே.

ருகையாவின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்ற இரண்டு பெண்குழந்தைகளும் குழந்தைப் பருவத்திலேயே மௌத்தாயினர். 1909இல் கணவரும் போய்விட்டார். பெண்கள் பாடசாலைக்கென்று அவர் ஒதுக்கி வைத்த 10,000 ரூபாயைக் கொண்டு அதே வருடம் பாகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் பாடசாலையைத் தொடங்கினார். சொத்துத் தகராறு அங்கே இருக்கவிடவில்லை. கல்கத்தாவுக்குப் போய் 1911 மார்ச் 16இல் எட்டு மாணவிகளுடன் மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார். பாடசாலை வாகனத்தை இறுக மூடினால் உள்ளே இருட்டிலும் வெக்கையிலும் பிள்ளைகள் மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள். அடைப்பைத் திறந்து திரை போட்டால், காற்றில் திரை பறக்கிறது என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. இரண்டு பக்கமும் ஏச்சு. பாடசாலையை அவர் மூடவில்லை. கணவரின் பெயரில் அது கல்கத்தாவில் இன்றும் அரச பாடசாலையாக இயங்குகிறது. 1932 டிசம்பர் 9இல் வபாத்தானபோது, பெண்ணின் உரிமை பற்றிய கட்டுரையொன்று முடிவுறாமல் அவர் மேசையில் கிடந்தது. அந்த நாளைப் பங்களாதேஷ் ருகையா தினமாக நினைவுகூருகிறது. 2024இல் ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கான யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சுல்தானாவின் கனவும் சேர்ந்தது.

வாப்பாவுக்குத் தெரியாமல் மெழுகுவர்த்தி ஏற்றிய காக்காவும், நின்றபடியே வாசித்துமுடித்த கணவரும் இல்லாதிருந்தால் இந்தக் கதை நம் கைக்கு வந்திருக்குமா? அந்த இருவரையும் பற்றித்தான் எனக்கு அடிக்கடி யோசனை வருகிறது. இருவரும் மௌலவிகள் அல்லர். நான் இரண்டு பக்கம் வாசித்தவன்.

சென்ற மாதம் அந்த மாணவியை அவளுடைய வாப்பாவின் கடையில் கண்டேன். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாளாம், விஞ்ஞானப் பிரிவு. ஸலாம் சொன்னாள். வெயில் பெட்டிக் கதை எழுதிய கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். அவள் முகத்தில் ஆச்சரியம். மிச்சத் தாளில் தம்பி கணக்குச் செய்தவன் சேர், வீட்டில் தேடிப் பார்க்கிறேன் என்றாள். முழுவதையும் வாசிக்க வேண்டும் என்றேன். இன்னும் கொண்டுவரவில்லை.