மீடியம் ஃபார்மட் கேமரா: விலை இறங்கியது சரி, புதுசா என்ன இருக்கு?

கேமராவைப் பற்றி எழுத பேங்க்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ரெண்டு காரணம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பி.காம். படிக்கும்போது பிடித்த போட்டோ பைத்தியம் நாற்பதைத் தாண்டியும் தெளியவில்லை. ரெண்டு, நான் வேலை பார்ப்பது சூரத்தில், சிறுதொழில் கடன் பிரிவில். நம்மூர் ஜவுளிக்கடைகளுக்கு மூட்டை மூட்டையாகப் புடவை போகிற ஊர். புடவை இருந்தால் கேட்லாக் இருக்கும். கேட்லாக் இருந்தால் ஸ்டூடியோ இருக்கும். ஸ்டூடியோ இருந்தால் கேமராவுக்குக் கடன் கேட்டு ஒரு மனு என் மேஜைக்கு வரும். இப்போது அந்த மனுக்களோடு இணைத்திருக்கும் கொட்டேஷன்களில் 'மீடியம் ஃபார்மட்' என்ற வார்த்தை தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறது.

இந்தக் கேமராக்களைச் செய்கிற கம்பெனிகள் போட்டோகிராபர்களுக்கு உண்மையிலேயே புதுசாக ஏதாவது தருகின்றனவா, இல்லை பழைய சரக்கையே சின்னப் பெட்டியில் போட்டு விற்கின்றனவா? என் பதில்: பாதி தருகிறார்கள். அந்தப் பாதியும் பெரும்பாலும் விலையிலும் எடையிலும்தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், அது என்ன மீடியம் ஃபார்மட்?

பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஸ்டூடியோ போனபோது, அண்ணாச்சி ஒரு பெட்டிக்குள் மேலிருந்து குனிந்து பார்த்து 'கண்ணை மூடாதே' என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? யாஷிகா, ரோலிகார்ட் மாதிரியான அந்தப் பெட்டிகள்தான் மீடியம் ஃபார்மட். அதில் போடுவது 120 ரோல் ஃபிலிம். சதுரமாக எடுத்தால் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். நம்ம ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் இந்த ரோல்களைச் செய்து விற்றது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் பரப்பு 36க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. அந்த யாஷிகாவில் விழும் சதுரம் சுமார் 56க்கு 56 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 3,136. மூன்றரை மடங்குக்கும் மேல்! பெரிதாகப் பிரிண்ட் போட்டால் யார் வேண்டுமானாலும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்றைய ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைக் கேமராக்களின் சென்சார் 43.8க்கு 32.9 மி.மீ. பரப்பு 1,441. இது 35 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிட 1.67 மடங்குதான். சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனாலே 2.3 மடங்கு கிடைக்கிறது. பெயர் பழைய பெயர்தான், ஆனால் பழைய பாய்ச்சல் இல்லை. இதைவிடப் பெரிய சென்சார் வேண்டுமென்றால் பேஸ் ஒன் கம்பெனியின் 150 மெகாபிக்சல் கேமரா (2018) இருக்கிறது, 53.4க்கு 40 மி.மீ. அதன் விலை ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி. அது நம்ம கதைக்கு ஆகாது :-)

செய்ததைச் செய்ததாகச் சொல்ல வேண்டும்

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பத்துப் பதினைந்து வருடத்தில் நடந்தவை இவை.

2010-ல் பென்டாக்ஸ் 645டி வந்தது. 40 மெகாபிக்சல், சுமார் பத்தாயிரம் டாலர். அன்றைய நிலவரத்தில் அதுவே மலிவு. 2014-ல் 645இசட்டில் சிசிடி போய் சிமாஸ் சென்சார் வந்தது. இதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான புரட்சி. அதுவரை நல்ல வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்த கேமராவை அதற்குப் பிறகு சாயங்கால வெளிச்சத்திலும் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

2016-ல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, உள்ளே கண்ணாடி இல்லாத முதல் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல். 2017-ல் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ். 2019-ல் ஜிஎஃப்எக்ஸ் 100: நூறு மெகாபிக்சல், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் சென்சார், வேகமான ஆட்டோஃபோகஸ். அறிமுக விலை 9,999 டாலர், எடை 1.4 கிலோ. 2024-ல் அதே நூறு மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2 மாடலில் 4,999 டாலருக்கு வந்தது, 883 கிராமில். ஐந்து வருடத்தில் விலை பாதி! எந்தத் தொழிலிலும் இது சின்ன விஷயம் இல்லை. எடை குறைந்ததும் அப்படியே. ட்ரைபாட் இல்லாமல் நூறு மெகாபிக்சல் எடுக்கலாம் என்பது பத்து வருடம் முன்னால் கனவு.

2023-ல் ஃபியூஜி ரெண்டு டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் கொண்டுவந்தது. கட்டடம், பொருள் எடுப்பவர்களுக்கு நேரடியாக உதவுகிற சமாச்சாரம். அதற்கும் ஒரு சபாஷ்.

அப்புறம் என்ன குறை?

போன வருடம் ஒரு தம்பி கடன் கேட்டு வந்தார். தெரிந்த தமிழ்க் குடும்பம், வீட்டில் பார்த்தால் 'அங்கிள்', கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் 'சார்'. புடவை கேட்லாக் எடுக்கிற ஸ்டூடியோ. கொட்டேஷன் ஜிஎஃப்எக்ஸ் கேமராவுக்கும் ரெண்டு லென்சுக்கும், பத்து லட்சத்தை ஒட்டி. கால் பங்கு அவர் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு அம்மாவின் நகையை வைப்பதாகச் சொன்னார். மீதி ஏழரை லட்சம், 11 சதவீதம், ஐந்து வருடம் என்று போட்டால் மாதத் தவணை 16,300 ரூபாய். நகைக் கடன் வட்டி தனி.

நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கேமரா வந்த பிறகு ஒரு புடவைக்கு எவ்வளவு கூடுதலாக வாங்குவே?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதே ரேட்தான் சார்" என்றார்.

ஏன் அதே ரேட்? ஏ4 அளவுக்கு நல்ல தரத்தில் அச்சடிக்க சுமார் 9 மெகாபிக்சல் போதும். கல்யாண ஆல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் போட்டாலும் 20 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். நூறு மெகாபிக்சலுக்குத் தகுந்த பிரிண்ட் என்றால் 39க்கு 29 அங்குலம். சூரத் வியாபாரி அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் மதுரைக்கு அனுப்புகிறார், அது உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கப்படுகிறது.

புடவைக்கு ஒரு நன்மை உண்டு, மறைக்கக் கூடாது. நெசவு நெருக்கமான துணியை எடுக்கும்போது அலையலையாகப் பொய்க்கோடு விழும், மோரே என்பார்கள். பிக்சல் நெருக்கமானால் அது குறையும். நிறமும் மென்மையாக இறங்கும். நானே வாடகைக்கு எடுத்து ரெண்டு நாள் பட்டுப்புடவை எடுத்துப் பார்த்தேன், ஜரிகை அப்படி ஒரு அழகு. ஆனால் அந்த அழகுக்குக் காசு கொடுக்க கஸ்டமர் தயாராக இல்லை. அப்படியானால் அந்தக் கேமரா வேறு எங்கேயாவது நேரத்தையோ செலவையோ மிச்சப்படுத்த வேண்டும். அங்கேதான் கம்பெனிகள் கோட்டை விடுகின்றன.

1. ஃபிளாஷ்: ஸ்டூடியோக்காரரின் பிழைப்பே ஃபிளாஷில்தான். ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் சாதாரணமாக 1/125 நொடி. 1957-ல் வந்த ஹாசல்பிளாட் 500சி-யில் ஷட்டர் லென்சுக்குள்ளேயே இருந்ததால் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம்! ஹாசல்பிளாட் இன்றும் அந்த வழியில் போகிறது, ஆனால் லென்ஸ் விலை எகிறுகிறது. ஃபியூஜி 2025-ல் ஜிஎஃப்எக்ஸ் 100ஆர்எஃப் மாடலில் லென்சுக்குள் ஷட்டர் வைத்தது. அதில் லென்சைக் கழற்ற முடியாது. சின்ன கேமரா உலகத்தில் சோனி 2023 நவம்பரில் ஏ9 3 மாடலை அறிவித்து, சென்சார் முழுவதும் ஒரே நொடியில் படம் பிடிக்கும் குளோபல் ஷட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அதில் 1/80,000 நொடியிலும் ஃபிளாஷ் அடிக்கலாம்.

2. சென்சார் வேகம்: 2014-ல் பென்டாக்ஸில் வந்த அதே குடும்பத்து 50 மெகாபிக்சல் சோனி சென்சார் 2016 எக்ஸ்1டி, 2017 ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், 2021 ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 வரை ஓடியது. ஏழு வருடம்! நூறு மெகாபிக்சலும் 2019-லிருந்து நூறுதான். நடந்து வரும் மாடலைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் வசதி ஹாசல்பிளாடுக்கு 2025-ல் எக்ஸ்2டி 2 மாடலில்தான் வந்தது. 35 மி.மீ. கேமராக்களில் அது ஃபிலிம் காலத்திலேயே இருந்தது.

3. கேமராவின் மூளை: சென்ற சில வருடங்களில் படம் எடுக்கும் விதத்தை மாற்றியது செல்போன். பத்துப் படத்தை ஒரே நேரத்தில் எடுத்து, தானே சேர்த்து, கண் மூடித் திறப்பதற்குள் கையில் கொடுக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் கேமரா என்ன செய்கிறது? ஃபியூஜியில் சென்சாரை நகர்த்தி நகர்த்தி 16 படம் எடுத்து 400 மெகாபிக்சல் ஆக்கும் வசதி 2020-லேயே வந்தது, ஆனால் சேர்க்கும் வேலை கம்ப்யூட்டரில். நகை எடுக்கும்போது முன்னும் பின்னும் ஃபோகஸ் மாற்றி வரிசையாக எடுத்துத் தரும், சேர்ப்பது நம்ம தலைவலி. பேஸ் ஒன் மட்டும் பல ஃபிரேம்களைக் கேமராவுக்குள்ளேயே சேர்த்து, கறுப்பு ஃபில்டர் இல்லாமல் நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்கும் வித்தையைச் செய்தது. அந்த மாதிரி யோசனை ஐந்து லட்ச ரூபாய் கேமராவுக்கு இறங்க வேண்டாமா?

4. ஃபைல் சைஸ்: நூறு மெகாபிக்சல், 16 பிட், அமுக்காமல் வைத்தால் ஒரு படம் 200 எம்பி. ஒரு நாளில் 500 படம் எடுத்தால் 100 ஜிபி. புது கம்ப்யூட்டர், புது ஹார்ட் டிஸ்க், ராத்திரி எடிட்டிங்குக்கு ஒரு ஆள். இதெல்லாம் எந்தக் கொட்டேஷனிலும் வருவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரிய சென்சார் செய்வது கஷ்டம். ஒரு சிலிக்கான் தட்டில் குறைவாகத்தான் வெட்ட முடியும், ஒரு புள்ளி பழுதானாலும் பெரிய துண்டு வீண். குளோபல் ஷட்டர் வைத்தால் படத் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், சோனியே ஏ9 3-ல் அப்படித்தான் செய்திருக்கிறது. வாங்குபவர்கள் குறைவு. இந்த அளவு சென்சாரைச் செய்து கொடுப்பது நடைமுறையில் சோனி ஒன்றுதான், அது இந்த அளவில் சொந்தமாகக் கேமரா விற்பதில்லை. கேமரா கம்பெனிகள் கிடைத்த சென்சாரைச் சுற்றிப் பெட்டி கட்டுகின்றன. போட்டி இல்லாத சந்தையில் புதுமை மெதுவாகத்தான் நடக்கும், இது பி.காம். முதல் வருடப் பாடம்.

எல்லாம் புரிகிறது. ஆனால் தவணை கட்டுகிறவருக்கு இந்தக் காரணங்களால் வட்டி குறையாது. பெரிய கேமராவைச் சின்ன கேமரா மாதிரி லேசாக, வேகமாக, மலிவாக ஆக்கியதற்கு நன்றி. பெரிய கேமராவால் மட்டுமே முடிகிற காரியங்களைக் கூட்ட வேண்டியது இன்னும் பாக்கி.

அந்தத் தம்பி விஷயத்தில், கொட்டேஷனை மாற்றி வரச் சொன்னேன். நல்ல லைட்டுகள், ஒரு கம்ப்யூட்டர், ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று. கடன் பாதிக்கும் கீழே இறங்கியது. நகை பீரோவிலேயே இருக்கிறது. விளம்பரப் பலகை வேலை வந்தால் மட்டும் ஜிஎஃப்எக்ஸை நாள் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை பில்லில் சேர்த்துவிடுகிறார்.

வெளியூரில் இருக்கும் நம்ம குடும்பங்களுக்கு ரெண்டு விஷயம். கல்யாணத்துக்கு யாராவது 'மீடியம் ஃபார்மட் பேக்கேஜ்' என்று கூடுதல் ரேட் சொன்னால், எந்த அளவில் பிரிண்ட் தருவீர்கள் என்று கேளுங்கள். சுவர் அளவு என்றால் யோசிக்கலாம், ஆல்பம் மட்டும் என்றால் அந்தக் காசுக்கு இன்னொரு பந்தி போடலாம். பையனோ பெண்ணோ போட்டோகிராபி படிக்கிறேன் என்று இந்தக் கேமராவைக் கேட்டால், திட்ட வேண்டாம். ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். எடுத்ததில் ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். மாட்டுகிற அளவுக்குப் படம் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

கொசுறு: 2022-ல் ஹாசல்பிளாட் விருது வாங்கியவர் நம்ம நாட்டு தயானிதா சிங். அவர் பேர் வாங்கிய சதுரப் படங்கள் எல்லாம் ஃபிலிம் போட்ட ஹாசல்பிளாடில் எடுத்தவை. மெகாபிக்சல் கணக்கு அதில் கிடையாது.