நசுக்கினால் மாறும் இரும்பு

டாலிகஞ்ச் என்றதும் கொல்கத்தாவாசிகளுக்கு ஞாபகம் வருவது சினிமா ஸ்டுடியோக்கள். அங்கிருந்து கிழக்கே சில கி.மீ. தூரத்தில் ஜாதவ்பூர். சி.வி. ராமன் பவுபஜாரில் பணியாற்றிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இப்போது இருப்பது இங்கேதான். 1959 முதல் 1965 வரை அதன் இயக்குநர், ராமனின் மாணவர் கேதாரேஸ்வர் பானர்ஜி.

படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சினால் ஃபிலிமில் புள்ளிகள் விழும். புள்ளியின் பிரகாசம் தெரியும். அந்த அலையைக் கூட்டுவதா, கழிப்பதா என்பது தெரியாது. அது தெரியாமல் அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்ல முடியாது. பிரகாசத்திலிருந்தே அந்தக் குறிகளைக் கண்டுபிடிக்க 1933-ல் வழி காட்டினார் பானர்ஜி. இதே பாதையில் வெகுதூரம் போன ஹாப்ட்மன், கார்ல் இருவருக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. பானர்ஜி 1975-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் டாலிகஞ்சிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அணுக்களின் இடம் தெரிந்து என்ன லாபம்? இரும்பு பாஸ்பைடைப் பாருங்கள். இரண்டு இரும்பு, ஒரு பாஸ்பரஸ். விண்கற்களில் அபூர்வமாகக் கிடைக்கும் இதற்கு பாரிங்கரைட் என்று பெயர். அணுக்கள் அறுகோண ஒழுங்கில் இருக்கும். 2002-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் சைபீரியாவின் ஓனெல்லோ விண்கல்லில் அதே கலவையை வேறு ஒழுங்கில் கண்டார்கள். மூன்று பக்கமும் மூன்று நீளம், செங்கல் மாதிரி. அலாபொக்டானைட் என்று பெயரிட்டார்கள்.

2008-ல் வெளியான ஆய்வு ஒன்று முடிச்சை அவிழ்த்தது. பாரிங்கரைட்டை வைரங்களுக்கிடையே நசுக்கினார்கள். காற்றழுத்தத்தைப் போல சுமார் 80,000 மடங்கு. கூடவே ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. அறுகோணம் செங்கலானது. அழுத்தம் விலகிய பிறகும் அந்த ஒழுங்கு தங்கக்கூடியது என்பதுதான் விசேஷம்: கல் தான் பட்ட பாட்டைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிறுகோள்களின் மையத்தில் அவ்வளவு அழுத்தம் கிடையாது. எனவே பயங்கர மோதலைச் சந்தேகிக்க இடமிருக்கிறது.

பூமியின் மையக்கரு சுத்த இரும்பைவிட லேசானது என்பது பூகம்ப அலைகள் சொல்லும் செய்தி. அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் தனிமங்களில் பாஸ்பரஸும் உண்டு. அங்கே போய்ப் பார்க்க வழியில்லாததால் விண்கற்களுக்கு மவுசு.

இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட புவியியல் ஆய்வுத் துறையுடையது. உள்ளே என்ன ஒழுங்கு என்று பார்க்கக் கல்லை அறுத்தாக வேண்டும். அறுக்க அறுக்கக் கல் குறையும்.