தவணைக்கு ஏது தடைக்காலம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எங்கும் படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலையைச் சீர்செய்வது என்று செலவு மட்டும் ஓடும், வரவு நின்றுபோயிருக்கும். பிளஸ் டூ முடிவு வருவதும், கல்லூரி விண்ணப்பம் போடுவதும், கட்டணக் கவலை தொடங்குவதும் இதே இரண்டு மாதங்களில்தான். தமிழக அரசு 2023இல் உயர்த்தி அறிவித்த தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது அடுப்பெரியவே போதாது. கல்லூரிக் கட்டணத்துக்கு எந்த மூலைக்கு?

மேலே படிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அப்போது தெரிகிற வழிகள் நான்கு: மீன் வியாபாரியிடம் முன்பணம், அடகுக் கடை, கந்துவட்டி, வங்கியின் கல்விக் கடன். நான்கில் நியாயமானது கடைசி வழிதான். ஆனால் அதன் விதிகளைத்தான் வாங்குபவர்களும் சரியாகத் தெரிந்துகொள்வதில்லை, கொடுப்பவர்களும் சரியாகச் சொல்வதில்லை.

கடன் வாங்கிப் படிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1950களில் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும், சேருவதற்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் அப்துல் கலாமின் வீட்டில் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில்தான் அவற்றை மீட்பது என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு திருப்பிக் கொடுப்பது: கல்விக் கடனுக்கு இதைவிட நியாயமான நிபந்தனை இருக்க முடியாது. இன்றைய வங்கிக் கடன் பார்ப்பது சம்பளத்தை அல்ல, காலண்டரை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த ஓராண்டு முடிந்ததும் தவணை தொடங்கிவிடும்.

பலரும் ஏமாறுவது இந்த இடைக்காலத்தில்தான். தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் வாங்குகிறார் ஒருவர். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டி போட்டாலே, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 5,800 ரூபாய். மொத்தம் 10 லட்சத்துக்கு மேல். பத்து ஆண்டுகளில் முடிப்பதென்றால் மாதம் 7,100 ரூபாய். மொத்தம் எட்டரை லட்சத்தைச் சற்றே தாண்டும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் அசல் 4 லட்சத்திலேயே நிற்கும். வட்டி விகிதத்திலும் ஒரு சதவீதம் வரை சலுகை உண்டு.

அந்த வட்டியைக்கூடக் கட்ட முடியாத குடும்பங்களுக்காகத்தான் மத்திய அரசின் வட்டி மானியம் 2009-10 முதல் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ படித்தால், தவணை தொடங்கும் வரை சேரும் வட்டியை அரசே ஏற்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. ஆனால் இது தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கு மட்டும். அறிவிக்கப்பட்டபோது அவை 860. நிதி ஆயோக்கின் ‘முன்னேற விழையும் மாவட்டம்’ பட்டியலில் இடம்பெற்ற ராமநாதபுரத்தில், ஊருக்குப் பக்கத்திலேயே கட்டுப்படியாகும் கல்லூரியில் சேரும் மாணவிக்கு இந்தச் சலுகை எட்டாமல் போகலாம். சலுகை யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களுக்கே கதவு குறுகலாக இருக்கிறது.

கடன் பிள்ளையோடு நிற்பதும் இல்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகும். கூடக் கையெழுத்திட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சரியும். நாளை அவர் எஞ்சின் வாங்கவோ மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டைக்கோ போய் நின்றால், மகனின் பாக்கி அங்கே குறுக்கே வரும்.

அதனால்தான், கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளக் கூடாது. வேலை இல்லாத காலத்துக்குத் தவணையை ஒத்திவைக்க மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. எழுத்துமூலம் கேட்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூல் முகவர் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் தாமதத்துக்கு அபராத வட்டி போடவும் தடை. அபராதக் கட்டணம் மட்டுமே, அதன் மேல் வட்டி ஏறக் கூடாது. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 2016இல் மதுரையில் கல்விக் கடன் வாங்கிய இளம் பொறியாளர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்; வசூல் நெருக்கடியே காரணம் என்று குடும்பம் கதறியது. அப்படி இன்னொரு வீடு கதறக் கூடாது.

இன்னொரு பக்கம், தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வும் 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரசும் கல்விக் கடன் நிவாரணத்தைத் தேர்தல் அறிக்கையில் வைத்தன. கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வது மாநில அரசின் கைக்கு எட்டும். கல்விக் கடன் பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளிடம் இருக்கிறது. மாநில அரசு அதை ரத்து செய்ய வேண்டுமென்றால் கஜானாவிலிருந்து வங்கிக்குப் பணம் கட்ட வேண்டும். வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தவருக்கு மிஞ்சியது ஏறிய வட்டியும் கெட்ட சிபில் மதிப்பெண்ணும்தான். இதற்கு எந்தக் கட்சி பொறுப்பேற்கும்?

நமக்குத் தேவை தேர்தலுக்குத் தேர்தல் வரும் தள்ளுபடிப் பேச்சு அல்ல, வருமானத்தோடு இணைந்த கடன். ஆஸ்திரேலியா 1989 முதல் அப்படித்தான் நடத்துகிறது: வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும், வரித்துறை வழியாகப் பிடித்தம். வேலை போனால் தவணையும் தானாக நின்றுவிடும். பான் எண்ணும் ஆதாரும் வங்கிக் கணக்கும் கோத்துக் கிடக்கும் நம் நாட்டில் இது நடக்காத காரியமல்ல. அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. மீனவக் குடும்பமே தவணை கட்டும் கடன்களுக்குத் தடைக்கால மாதங்களில் விலக்கு தரலாம். இலங்கைக் கடற்படையால் படகு சிறைபிடிக்கப்பட்ட வீட்டுக்கு ஒத்திவைப்பு தரலாம். மாவட்ட நிர்வாகமும் முன்னோடி வங்கியும் கல்விக் கடன் முகாமைத் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் சாயல்குடியிலும், கலந்தாய்வு தொடங்கும் முன்பே நடத்தலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் பணம் கட்டும் முன்பே வருமானச் சான்றிதழை வாங்கி வையுங்கள். உங்கள் படிப்புக்கு எந்த மானியம் பொருந்தும் என்று மேலாளரிடம் கேளுங்கள். கடன் தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘உங்கள் ஊர் எங்கள் கிளை எல்லையில் வராது’ என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2012இல் சொன்னது. கல்விக் கடன் யாரும் போடும் பிச்சையல்ல. விதி தெரிந்து, உரிமையோடு கேட்டு வாங்குங்கள்.