பூட்டு ஊரில் பூட்டத் தெரியாத ஒரு கதவு

லாட்ஜ் வச்சிருக்கிறவங்களுக்கு ஆரோக்கிய அட்வைஸ் கொடுக்கறதுக்குன்னே ஊருக்கு ஊர் ஒரு கும்பல் இருக்கு. "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாக்கிங் போங்கண்ணே, வெந்தயம் ஊறவச்சுக் குடிங்கண்ணே, டென்ஷன் ஆகாதீங்கண்ணே." சொல்றவர் ராத்திரி பத்து மணிக்குப் படுத்து நல்லா குறட்டை விட்டவரா இருப்பார். கேக்கறவர் மூணே முக்காலுக்கு யாருக்கோ ரூம் சாவி கொடுத்துட்டு அப்பத்தான் கண்ணை மூடியிருப்பார். இந்த அட்வைஸ் மேலதான் எனக்குக் கடுப்பு.

என் கட்சி ரொம்ப சிம்பிள். சின்ன லாட்ஜ்காரர் உடம்பைக் கெடுக்கறது அவரோட சோம்பேறித்தனம் இல்ல, அந்தத் தொழில்ல இருக்கிற டூட்டி நேரம். அதை மாத்தாம வெந்தயம் குடிச்சு ஒரு புண்ணியமும் இல்ல.

நம்ம ஊர் திண்டுக்கல். மதுரை, திருச்சி, பழனி, கொடைக்கானல்னு நாலு பக்கமும் ரோடு பிரியுற இடம். சென்னையில ராத்திரி ஏறினா பொழுது விடியறதுக்குள்ள இங்க இறக்கி விட்டுடுவான். கொடைக்கானல் போறவனுக்குக் குளிக்க ரூம் வேணும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களுக்குக் காலை நீட்ட இடம் வேணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற 14 ரூம் லாட்ஜுக்கு ராத்திரின்னு ஒண்ணு கிடையாது. பிரியாணிக்கடைக்காரருக்காவது அண்டா காலியானா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. லாட்ஜ்ல எந்த அண்டா காலியாகும்?

அப்படி ஒரு லாட்ஜ்தான் எங்க சித்தப்பாவோடது. வயசு 52. காலையில 6 மணிக்கு ரிசப்ஷன்ல உக்காந்தார்னா ராத்திரி 11 வரைக்கும். அப்புறம் அங்கேயே பெஞ்சுல படுக்கை, பெல் அடிச்சா எந்திரிக்கணும். முழிச்சிருக்கிற நேரத்தை மட்டும் கணக்குப் பாத்தாலே வாரத்துக்கு 119 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரம் 35-40 மணி நேரம் வேலை பாக்கறவங்களைவிட, 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் பாக்கறவங்களுக்குப் பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு மாதிரி இதய நோயில சாகிற ஆபத்து 17 சதவீதம் அதிகம்னு சொல்லுது அது. திங்கக்கிழமை ஆரம்பிச்சா சித்தப்பா அந்த 55ஐ வியாழக்கிழமை காலையில 10 மணிக்கே தாண்டிடறார்!

தூக்கம் துண்டு துண்டானா இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாது. தூக்கத்தை விரட்ட டீ. ஒரு நாளைக்கு எட்டு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 70 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன உச்ச வரம்பே சராசரி ஆளுக்கு 50 கிராம்தான். ராத்திரி சாப்பாடு 11 மணிக்குப் பரோட்டா, சால்னா. விளைவு? சர்க்கரை வந்து ஆறு வருசமாச்சு. போன வருசம் கால்ல கண்ணாடித் துண்டு குத்தினது தெரியாமலே ரெண்டு நாள் நடந்திருக்கார். சித்தி ரத்தக்கறையைப் பாத்துக் கேட்டப்பத்தான் அவருக்கே தெரியும். வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பாக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சப்ப நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனா தேடி வந்தா வீட்ல ஆளு இருக்கணுமே சாமி!

நிற்க. நான் ஆணி புடுங்குற சாஃப்ட்வேர் கம்பெனியில ராத்திரி சர்வர் படுத்துட்டா யார் எந்திரிக்கணும்னு முறை வச்சிருக்கோம். இந்த வாரம் நான், அடுத்த வாரம் இன்னொருத்தன். வருசம் பூரா ஒரே ஆள்தான்னு சொன்னா மறுநாளே பேப்பர் போட்டுட்டுப் போயிடுவான். ஒரு கம்ப்யூட்டரைப் பாத்துக்கவே இத்தனை பேர் வேணும். 14 ரூமுக்கு, மோட்டாருக்கு, ராத்திரி ரெஜிஸ்டர் பாக்க வர்ற போலீசுக்கு, எல்லாத்துக்கும் ஒத்தை மனுசன். இதுக்குப் பேரு உழைப்புன்னு ஊரே மெச்சுது.

கடைகள்ல நின்னுட்டே வேலை பாக்கறவங்களுக்கு உக்கார நாற்காலி கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத்தைத் திருத்தினாங்க. நல்ல விஷயம். ஆனா சித்தப்பாவோட வியாதியே அந்த நாற்காலிதான். முதலாளியை எந்திரிச்சு வீட்டுக்குப் போன்னு சொல்ல எந்தச் சட்டமும் வராது. அவரேதான் போகணும்.

"ராத்திரிக்கு ஆள் போடு சித்தப்பா"ன்னா வர்ற முதல் பதில், கட்டுப்படி ஆகாதுடா. கணக்குப் போடுவோம். மாசம் 15,000 சம்பளம்னா ஒரு நாளைக்கு 500. ரூம் வாடகை 1,000. பாதி ரூம் காசு! ஏசி இல்லாம ரூம் ஓடாதுன்னு கரண்ட் பில்லைக் கட்டறோம்ல? தூங்காம மனுசன் ஓடமாட்டான்னு இதையும் அதே கணக்குல எழுத வேண்டியதுதான்.

ரெண்டாவது பதில், "ஆள் கல்லாவுல கை வச்சுட்டா?" 11 மணிக்குக் கல்லாவை எண்ணிப் பூட்டிடுங்க. அதுக்கப்புறம் வர்ற காசு உங்க கணக்குக்கே வர்ற மாதிரி கியூஆர் அட்டை. நம்பர் போட்ட ரசீது. காலையில சாவியையும் ரெஜிஸ்டரையும் ஒத்துப் பாக்க பத்து நிமிசம். அதையும் மீறி மாசத்துக்கு ஒரு ரூம் காசு போச்சுன்னாலும், பக்கவாதத்துல படுத்தா ஆகுற ஆஸ்பத்திரி பில்லோட ஒப்பிட்டா அது டீச்செலவு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ராத்திரி ஆள்னா பகல்ல தூங்குற ஆள். பகல் பூரா ரூம் பெருக்கின பையனையே ராத்திரியும் உக்கார வச்சா, உங்க வியாதியை அவன் தலையில கட்டறீங்கன்னு அர்த்தம். அவனுக்கும் வாரத்துக்கு ஒருநாள் லீவு வேணும். அன்னிக்கு ஒரு ராத்திரி நீங்க இருங்க. ஏழு ராத்திரிக்கு ஒரு ராத்திரி பரவாயில்ல.

ஊர் ஊரா சுத்துற மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரூம் போடறப்பவே எத்தனை மணிக்கு வருவீங்கன்னு போன்ல சொல்லிடுங்க. ரெண்டு மணிக்கு பெல் அடிச்சு, கதவு திறக்க அஞ்சு நிமிசம் ஆனதுக்கு ஒத்தை ஸ்டார் போடறதுக்கு முன்னாடி, திறந்தவரோட கண்ணை ஒரு தடவை பாருங்க.

சித்தப்பா இன்னும் சம்மதிக்கல. "தைப்பூசம் முடியட்டும்"ங்கறார். அது முடிஞ்சா கொடைக்கானல் சீசன்னு சொல்வார், அதுக்கப்புறம் முகூர்த்தம். 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஊரே பெருமைப்பட்டுச்சு. அந்தப் பூட்டுல ஒண்ணை வாங்கி, ராத்திரி 11 மணிக்கு அந்தக் கல்லாவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க சித்தப்பா. சித்தி சோறு போட்டு வச்சிருக்கும்.