திகதி குறிப்பவர் யார்?

கலவானப் பகுதித் தோட்டங்களில் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே ஒரு கேள்வி எழுந்துவிடும்: "முற்பணம் எப்போது கிடைக்கும்?" முற்பணம் நன்கொடை அன்று, பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகப் பிடிக்கப்படும் கடன். ஆனால் அந்தக் காசு தொழிலாளியின் கையில் தங்கும் சில நாட்களைப் புடைவைக் கடைக்காரர் அறிவார், நகைக்கடைக்காரர் அறிவார், தமிழ்ப்படம் எடுக்கும் முதலாளியும் அறிவார். 1991ஆம் ஆண்டு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே தீபாவளி நாளில் திரைக்கு வந்தன. இரு கலைஞர் குழுக்களின் உள்ளத்திலும் ஒரே நாள் தற்செயலாகவா உதித்தது? இல்லை. மக்களின் மடியில் காசு இருக்கும் நாள் அது. அவ்வளவுதான்.

இதே கணக்கை உலகளாவிய அளவில் போடுகிறவர்கள் வீடியோ விளையாட்டுக் கம்பனிகள். லயத்துத் திண்ணையில் கைத்தொலைபேசியும் கையுமாக அமர்ந்து, "அடுத்த பாகம் எப்போது வருமாம், சேர்?" என்று கேட்கும் மாணவனுக்கு, வெளியீட்டுத் திகதி பருவமழையைப் போலத் தானாக வரும் ஒன்றாகத் தோன்றுகிறது. அது தானாக வருவதன்று. சிலர் கூடிக் குறிப்பது. அதன் சுமையைத் தாங்குகிறவர்களோ வேறு சிலர்.

திகதி எவ்வாறு குறிக்கப்படுகிறது? முதலாவது, நிதியாண்டு. "இவ்வாண்டில் இவ்வளவு வருமானம்" என்று பங்குதாரருக்கு வாக்களித்துவிட்டால், அக்கணக்கு முடியுமுன் சரக்கு சந்தைக்கு வந்தாக வேண்டும். இரண்டாவது, பண்டிகைச் சந்தை. அமெரிக்காவில் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாள் முதல் நத்தார் வரை நடக்கும் கொள்முதலே இத்தொழிலின் அறுவடைக் காலம். மூன்றாவது, போட்டி. 2025 ஆகஸ்ட் 21ஆம் திகதி, 'ஹொலோ நைட்: சில்க்சோங்' என்னும் விளையாட்டு இரு வாரங்களில், செப்டெம்பர் 4இல், வெளிவரும் என்ற அறிவிப்பு வந்தது. உடனே சிறு குழுக்கள் பல தம் படைப்புகளின் திகதிகளைத் தள்ளிவைத்தன. இத்தனைக்கும் அதனை ஆக்கியதும் அவுஸ்திரேலியாவின் சிறு குழுவொன்றே. சந்தையின் நெரிசலில் எளியவர்களே எளியவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்க நேர்கிறது.

இம்மூன்றிலும், விளையாட்டை ஆக்கும் தொழிலாளியின் சொல்லுக்கு இடம் எங்கே?

1982ஆம் ஆண்டில் அட்டாரி கம்பனி 'ஈ.டி.' திரைப்படத்தின் உரிமையைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கிற்று. பேரம் முடியவே ஜூலை இறுதியாகிவிட்டது. நத்தார் சந்தையைத் தவறவிடக்கூடாது என்பதற்காக, ஹவர்ட் ஸ்கொட் வார்ஷோ என்ற தனியொருவருக்கு ஏறத்தாழ ஐந்து வார அவகாசமே கொடுக்கப்பட்டது. விளைவு உலகறிந்தது. விற்காமல் தேங்கிய பெட்டிகள் 1983இல் நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோவில் குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. 2014இல் அவை மீளவும் தோண்டி எடுக்கப்பட்டன. திகதியைக் குறித்தவர்களின் பெயரை இன்று எவரும் நினைப்பதில்லை. 'உலகின் மிக மோசமான விளையாட்டை ஆக்கியவர்' என்ற பழியைச் சுமந்தவர் அந்த ஒருவரே.

அது பழங்கதை என்பீர்களா? போலந்தின் சீ.டி. புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' விளையாட்டை 2020 ஏப்ரலில் தருவதாகக் கூறிப் பின் செப்டெம்பர், நவம்பர் என்று தள்ளி, ஈற்றில் டிசெம்பர் 10இல் வெளியிட்டது. கட்டாய மேலதிக வேலை வாங்கமாட்டோம் என்று முன்பு சொன்ன அதே நிர்வாகம், கடைசி மாதங்களில் வாரத்துக்கு ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கிற்று. அவ்வளவு உழைப்பைப் பிழிந்தும் பொருள் பழுதாகவே வந்தது. ஒரு வாரம் கழிந்ததும் சோனி அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. நத்தாரைத் தவறவிடாத பெருமை மட்டும் எஞ்சியது!

இனி 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் ஆறாம் பாகத்தைப் பாருங்கள். 2025இல் வருமென்றார்கள், பின் 2026 மே 26 என்றார்கள், 2025 நவம்பரிலோ 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். அது நன்றி நவிலல் நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முந்திய நாள். இவ்வறிவிப்புக்குச் சில தினங்கள் முன்புதான் ராக்ஸ்டார் நிறுவனம் பிரித்தானியாவிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஊழியர்களை வேலைநீக்கம் செய்திருந்தது. இரகசியங்களை வெளியிட்டனர் என்பது நிர்வாகத்தின் கூற்று. சங்கம் அமைத்ததற்கான தண்டனை என்பது தொழிற்சங்கத்தின் குற்றச்சாட்டு. திகதியை முதலாளி தள்ளலாம்; அதைப்பற்றித் தொழிலாளர் கூடிப் பேசுவதுதான் குற்றமோ? இது எங்கோ நடக்கும் கதை என்று ஒதுங்கவும் இயலாது. 2019இல் பெங்களூரின் துருவா நிறுவனத்தை வாங்கித் தன் இந்தியக் கிளையை விரிவாக்கிய நிறுவனம் அது.

"திகதி என்ற கட்டுப்பாடு இல்லாவிடில் எந்த வேலைதான் முடியும்?" என்று வினவுவார் உண்டு. நியாயமான வினாவே. 1997இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 2011இல்தான் வெளிவந்தது. அதனால் எவரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. திகதியே வேண்டாம் என்பதல்ல நமது கட்சி. திகதி குறிக்கும் மேசையில் உழைப்பவனுக்கும் ஓர் ஆசனம் வேண்டும். தவறினால் வரும் நட்டம் அவன் தலையில் மட்டும் விழலாகாது. கேட்பது இவ்வளவே.

தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்க நீண்ட பிரசங்கம் வேண்டியதில்லை. நமது கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச் 31இல் காலாவதியாயிற்று. அடுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது 2016 ஒக்டோபர் 18இல். இடைப்பட்ட பதினெட்டு மாதங்களும் கொழுந்து பறிக்கப்பட்டது, தேயிலை விற்கப்பட்டது, சம்பள உயர்வின் நிலுவை மட்டும் வந்து சேரவில்லை. கம்பனி தன் திகதியைத் தள்ளினால் அதற்குப் பெயர் 'தரத்தில் அக்கறை'. தொழிலாளியின் திகதி தள்ளப்பட்டால் அதற்குப் பெயரே இல்லை.

2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டபோது, 70 டொலர் விலையுள்ள விளையாட்டொன்று அதில் பதினைந்து நாள் உழைப்புக்கும் மேல். அதை வாங்க நம் பிள்ளைகளுக்கு வழியில்லை. ஆனால் கணினி கற்று, அதனை ஆக்கும் வேலைக்கு அவர்களும் நாளை போகக்கூடும். பிரட்டுக்களத்தில் பாட்டி கேட்கத் துணிந்த கேள்வியை, குளிரூட்டிய அறையில் பேரன் மறந்துவிடலாகாது.

ஆசிரியர்களே, "எப்போது வரும்?" என்று மாணவன் கேட்டால் திகதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "யார் குறித்தார்? யாருக்காகக் குறித்தார்? அதற்காக எவர் உறக்கம் இழந்தார்?" என்று திருப்பிக் கேளுங்கள்.