2028-க்குள் விதி எழுதுங்கள்: இந்தியா – மாலத்தீவு உறவு குறித்துத் தூத்துக்குடிக் கரையின் கோரிக்கைச் சாசனம்

மாலத்தீவுக்குப் போகும் தோணியில் மூட்டை ஏற்றுபவர்கள், அதை ஓட்டும் தண்டல்கள், அந்நாட்டோடு ஏற்றுமதி வணிகம் செய்பவர்கள், ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்கள், அங்குள்ள பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆகிய நாங்கள் இந்தச் சாசனத்தை இந்திய அரசின் முன்னும் நாடாளுமன்றத்தின் முன்னும் வைக்கிறோம். இதில் சில கோரிக்கைகள் மாலே அரசுக்கும் உரியவை. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம். வெளியுறவு என்பது டெல்லிக்கும் மாலேவுக்கும் மட்டுமான பேச்சு என்று யாராவது நினைத்தால், அந்தப் பேச்சு கசந்துபோகும் ஒவ்வொரு முறையும் சரக்கு தேங்குவதும் படகு பிடிபடுவதும் எங்கள் கரையில்தான் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடந்ததைப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் அதிபர் யமீன் நெருக்கடி நிலை அறிவித்தார், இந்தியா கண்டித்தது, உறவு முறுகியது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் சோலிஹ் வென்றார், உறவு சீரானது. 2023-இல் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தின் அலையில் முகமது முய்சு வென்றார், மறுபடி முறுகல். 2024 மே மாதம் மாலத்தீவிலிருந்த இந்திய ராணுவத்தினர் திரும்பி வந்தார்கள். அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்தார். 40 கோடி டாலருக்கும் அதற்கு மேல் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு கையெழுத்தானது. 2025 ஜூலையில் மாலத்தீவின் 60-ஆம் சுதந்திர நாளுக்கு இந்தியப் பிரதமரே சிறப்பு விருந்தினர். ஆள் மாறினால் உறவு மாறுகிறது என்பதுதான் இதன் சாரம். இப்போது முகம் மலர்ந்திருக்கிறது. முகம் மலர்ந்திருக்கும் காலத்தில்தான் விதிகளை எழுத முடியும். அடுத்த அதிபர் தேர்தல் 2028-இல். அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளைக் கேட்கிறோம்.

முதலாவது, ஒருவர் உள்நாட்டு அரசியலில் மற்றவர் தலையிடுவதில்லை என்று இரு நாடுகளும் தனி ஒப்பந்தம் எழுத வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவு தூதர்களுக்கு ஏற்கெனவே இந்தக் கடமையை விதிக்கிறது; இரு நாடுகளும் அதை ஏற்றவை. அது போதவில்லை என்பதைக் கடந்த ஆண்டுகள் காட்டிவிட்டன. தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து முடிவு வரும் வரை எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தூதரகமும் அமைச்சர்களும் பேசக் கூடாது. கட்சித் தலைவர்களோடு தூதர் நடத்தும் சந்திப்புகள் மாதாமாதம் வெளியிடப்பட வேண்டும். படை உதவி என்றால் ஆட்சியிலிருக்கும் அரசின் எழுத்துமூலக் கோரிக்கை இருக்க வேண்டும். பதவி இழந்த தலைவரின் அழைப்பு அதற்கு ஈடாகாது. 1988 நவம்பர் 3 அன்று மாலேயைக் கைப்பற்ற வந்த கூலிப்படை, இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கமான புளொட்டைச் சேர்ந்தது. அன்று அதிபர் கயூம் கேட்டுக்கொண்டதால் இந்தியப் படை போய் விரட்டியது. எங்கள் மொழி பேசியவர்கள் அந்தச் சிறு நாட்டுக்குள் துப்பாக்கியோடு இறங்கினார்கள் என்ற நினைவு இருப்பதால், இந்தக் கோரிக்கையை நாங்கள் இரட்டிப்பு உறுதியோடு வைக்கிறோம்.

இரண்டாவது, உளவு அமைப்புகளை நாடாளுமன்றத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவாருங்கள். முய்சுவைப் பதவியிறக்க எம்.பி.க்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது, அதற்கு இந்தியாவிடம் 60 லட்சம் டாலர் கேட்கப்பட்டது என்று 2024 டிசம்பர் இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. இந்திய அரசு மறுத்தது. அந்த மறுப்பை நாங்கள் நம்பவே விரும்புகிறோம். செய்தியாளரைச் சாடிவிட்டு நகர்ந்தால் மாலேயில் யாரும் நம்ப மாட்டார்கள். நாடாளுமன்றக் குழு ஒன்று கோப்புகளைப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று சொன்னால் நம்புவார்கள். 1968-இல் தொடங்கிய ‘ரா’ உளவு அமைப்புக்கு இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது. 2010 ஜனவரியில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி நாடாளுமன்ற மேற்பார்வை வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே போனது. இன்னும் எத்தனை நாள்?

மூன்றாவது, ராணுவம் சார்ந்த ஒப்பந்தங்களை இரு நாட்டு மக்கள் மன்றங்களிலும் வையுங்கள். மாலேவுக்கு அருகே உதுரு திலா ஃபல்ஹுவில் கடலோரக் காவல் படைத் துறைமுகம் கட்ட 2021 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வாசகம் மக்களுக்குக் காட்டப்படவில்லை. ‘இந்தியாவே வெளியேறு’ இயக்கம் அந்த மறைப்பிலிருந்துதான் வேகம் எடுத்தது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் மறைத்தது பிழை. இருந்தால் இன்னும் பெரிய பிழை. இதே கேள்வி மாலே அரசுக்கும் உண்டு. 2024 மார்ச்சில் சீனாவோடு செய்துகொண்ட ராணுவ உதவி ஒப்பந்தத்தின் முழு வாசகத்தைத் தங்கள் நாடாளுமன்றமான மஜ்லிஸில் வைக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை எங்கள் அன்றாடச் சோறு சம்பந்தப்பட்டது. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், காய்கறி, செங்கல், சிமெண்ட், ஜல்லி ஏற்றிக்கொண்டு குமரிமுனையைச் சுற்றி மாலேவுக்குப் போகும் தோணிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் இல்லை. மிச்ச மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும். அந்த மாதங்களிலும் அரசியல் குறுக்கே நின்றால் என்ன ஆவது? அத்தியாவசியப் பொருட்களுக்கு ஆண்டு அளவு நிர்ணயித்து அனுப்பும் ஏற்பாடு 1981 வணிக ஒப்பந்தத்திலிருந்து நடக்கிறது. 2018-இல் உறவு கெட்டிருந்தபோது அந்த அளவு வெட்டப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு 2019-இல் கட்டுப்பாடு நீங்கியது. 2024-25-க்கோ, முறுகல் உச்சத்தில் இருந்தபோதும், 1981-க்குப் பிறகான மிக அதிக அளவு அனுமதிக்கப்பட்டது: முட்டை மட்டும் 42.75 கோடி, வெங்காயம் 35,000 டன்னுக்கு மேல். அதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். அதே பெருந்தன்மையை விதியாக்குங்கள் என்கிறோம். மாலத்தீவின் மக்கள்தொகையையும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு ஐந்தாண்டுக்கு ஒரே அறிவிப்பாக அளவு வர வேண்டும். இடையில் குறைக்க வேண்டுமென்றால் இங்கே பஞ்சமோ விளைச்சல் பொய்ப்போ காரணமாக இருக்க வேண்டும். வெங்காயம் ஓர் ஆட்சியாளரைத் தண்டிக்கும் கருவி ஆகக் கூடாது. தண்டனை போய்ச் சேர்வது மாலேயில் சமைப்பவருக்கும் இங்கே மூட்டை தூக்குபவருக்கும்தான்.

இதில் ஆற்றுமணல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த 2024-25 அனுமதியில் 10 லட்சம் டன் ஆற்றுமணலுக்கும் அனுமதி இருந்தது. நட்புக்காக எங்கள் ஆறுகளைச் சுரண்டக் கூடாது. எந்த ஆற்றிலிருந்து, எவ்வளவு அள்ளப்பட்டது என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிடுங்கள்.

ஐந்தாவது, மீனவர்கள். 2023 அக்டோபரில் எங்கள் கரையின் தருவைகுளத்துப் படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்தது. 12 பேர் இருந்தார்கள். விதிக்கப்பட்ட அபராதம் 42 லட்சம் ருஃபியா. நம் பணத்தில் இரண்டு கோடிக்கும் மேல். கடன் வாங்கி டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போய், நாட்கணக்கில் கடலில் கிடந்து மீன் பிடிக்கும் குடும்பங்கள் அந்தத் தொகையை எந்தக் காலத்தில் கட்டும்? எல்லை தாண்டி மீன் பிடிக்கும் உரிமையை நாங்கள் கேட்கவில்லை. மாலத்தீவு மீனவர்கள் சூரையைத் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். நம் வீட்டுச் சம்பலுக்கு வரும் மாசிக் கருவாடு அந்த உழைப்பில் பிறந்தது. அவர்கள் கடலில் வலை விழுந்தால் அவர்கள் கோபப்படுவது நியாயம். 1976-இல் இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடல் எல்லையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு, பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணைத்தொகையின் பேரில் உடனே விட வேண்டும் என்கிறது. இரு நாடுகளும் அதில் கையெழுத்திட்டவை. இரு கடலோரக் காவல் படைகளுக்கும் இடையே 24 மணி நேரத் தொலைபேசித் தொடர்பு, பிடிபட்டவர் பெயர் அன்றே வீட்டுக்குத் தெரியும் ஏற்பாடு, அபராதத்துக்குப் படகின் அளவை ஒட்டிய வரம்பு ஆகியவை உடனே வேண்டும். இதே மரியாதை அவர்கள் மீனவருக்கும் உண்டு. 2024 ஜனவரி கடைசியில் தங்கள் நாட்டு மீன்பிடிப் படகுகளில் இந்தியக் கடலோரக் காவல் படையினர் ஏறியது பற்றி மாலே விளக்கம் கேட்டது. அப்படிக் கேட்டால் நாள் கடத்தாமல் பதில் தர வேண்டும். பதில் பொதுவெளியில் இருக்க வேண்டும்.

ஆறாவது, உயிர்காக்கும் விமானங்களைக் கொடி அரசியலிலிருந்து வெளியே எடுங்கள். இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்களும் டோர்னியர் விமானமும் தொலைதூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளை மாலேவுக்குத் தூக்கிவருகின்றன. 2024 ஜனவரியில் மூளையில் கட்டி இருந்த ஒரு சிறுவன், மாலேவுக்குக் கொண்டுவரத் தாமதமானதால் இறந்தான் என்று குடும்பம் குற்றம்சாட்டியது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள் பொறுப்பில் இருந்தவர்கள். இந்திய விமானம் பறக்கலாமா என்ற சண்டை நாட்டில் நடந்துகொண்டிருந்த அதே மாதம் அது. எது உண்மையானாலும், மருத்துவர் கேட்டால் விமானம் புறப்படும், வேறு எவரின் ஒப்புதலும் தேவையில்லை என்ற விதி இரு அரசுகளின் கையெழுத்தோடு இருந்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. இப்போது ராணுவத்தினருக்குப் பதில் சிவிலியன் வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆகவே எழுதுவதில் சிக்கல் எதுவும் மிச்சமில்லை.

ஏழாவது, பதவியில் இருப்பவர்களின் வாய்க்கு ஒரு வரம்பு வேண்டும். 2018-இல் மாலத்தீவுத் தேர்தலில் முறைகேடு நடந்தால் இந்தியா படையெடுக்க வேண்டும் என்று அன்றைய பா.ஜ.க. எம்.பி. சுப்பிரமணியன் சுவாமி எழுதினார். மாலேயில் இந்தியத் தூதர் அழைக்கப்பட்டு விளக்கம் கேட்கப்பட்டார். 2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் இந்தியப் பிரதமரை இழிவாக எழுதி இடைநீக்கம் ஆனார்கள். இங்கே உடனே சுற்றுலாப் புறக்கணிப்பு முழக்கம் எழுந்தது. பேசியவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் குறையவில்லை. அங்கே வகுப்பறையில் பாடம் நடத்தும் நம் ஆசிரியரும் இரவுப் பணியில் நிற்கும் செவிலியரும்தான், ‘நாளைக்கு நம்மை என்ன செய்வார்கள்’ என்று தூங்காமல் இருந்தார்கள். அண்டை நாட்டைப் பற்றிப் பேசும் எம்.பி., அமைச்சர் எல்லோருக்கும் இரு நாடாளுமன்றங்களும் நடத்தை விதி வகுக்கட்டும். வேலைக்குப் போனவர்களின் விசாவும் சம்பளமும் எந்தச் சச்சரவிலும் தொடப்படாது என்று எழுத்தில் தரட்டும்.

இவற்றில் எதற்கும் புதிதாகப் பெரும் பணம் தேவையில்லை. இரண்டு வெளியுறவு அமைச்சகங்கள் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தொடரில் இந்தச் சாசனத்துக்கு வெளியுறவு அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கோரிக்கை எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பாராமல் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். படிப்பவர்களே, உங்கள் தொகுதி உறுப்பினர் யாரோ அவருக்கு இந்த வாரமே எழுதுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.